நிலத்தை அடமானம் வைக்காதீர்கள் அம்மா

மேலூர்ப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பெங்களூரில் இருக்கும் உங்கள் அண்ணன், உங்கள் மகளுக்குச் செயற்கை நுண்ணறிவுப் படிப்பில், ஒரு தனியார் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பேசி வைத்திருக்கிறார். அதற்குப் பெரியாறு பாசனத்தில் இருக்கும் ஒன்றரை ஏக்கரை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் கலந்தாய்வுக்குப் பெயர் பதிய வேண்டிய நேரத்தில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வைக்கக் கூடாது.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்று கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணச் சலுகை போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் கதவைப் பூட்டிவிட்டு, வட்டிக்கு வாங்கிச் சுவரை இடிப்பானேன்? அண்ணன் நல்ல மனதோடு சொல்கிறார், சந்தேகமில்லை. வட்டி கட்டப்போவது நீங்கள்.

கணினி, மருத்துவம், வங்கித் தேர்வு பற்றி நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது. உங்கள் மகள் கேட்டதாக நீங்கள் அலுத்துக்கொண்டு எழுதிய கேள்விக்கு வருகிறேன்: “அரிசியும் வைக்கோலும் ஒரே பயிர்தானே, அரிசி நமக்குச் செரிக்கிறது, வைக்கோல் மாட்டுக்கு மட்டும் செரிக்கிறதே, ஏன்?”

அம்மா, பயிர்க் கழிவிலிருந்து எரிபொருளும் வேறு பொருள்களும் எடுக்கும் ஒரு முழுத் தொழில்துறையே அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலின் செல்லுலோஸும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையால் ஆனவை. கோத்த விதம்தான் வேறு. செல்லுலோஸின் பிணைப்பை அறுக்கும் நொதி (என்சைம்) நம் குடலில் இல்லை. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளிடம் இருக்கிறது. போதாததற்குச் செல்லுலோஸைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலியும் லிக்னின் என்ற பசை போன்ற பொருளும் இறுகிக் கிடக்கின்றன. ஆகவே ஆலையில் முதலில் வைக்கோலை நறுக்கி, நீர்த்த அமிலமும் நீராவியும் கொடுத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறார்கள். பிறகு நொதியைச் சேர்த்துச் சர்க்கரையாக்குகிறார்கள். அந்த நொதிக்குப் பெயர் பெற்ற பூஞ்சை டிரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணிகளை அரித்துத் தின்று மாட்டிக்கொண்டது அது. சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்கவைத்து, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஆக்குகிறது. அதிலும் ஒரு சிக்கல்: ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. அதற்கென்று மரபணு மாற்றிய வகை வேண்டும். மிஞ்சும் லிக்னினைக் கொதிகலனில் எரித்து ஆலைக்கு நீராவி எடுக்கலாம்.

ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 ஆகஸ்டில் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. அசாமின் நுமாலிகரில் மூங்கிலை வைத்து இதே வேலை. எரிபொருளோடு நின்றுவிடவும் இல்லை. மக்காச்சோளத் தக்கையிலும் கரும்புச் சக்கையிலும் கிடைக்கும் ஃபர்ஃபியூரால், வார்ப்பாலைகளில் மணல் அச்சை இறுக்கும் பிசினுக்கு மூலப்பொருள். சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கினால், அதிலிருந்து மக்கக்கூடிய பிளாஸ்டிக் செய்யலாம்.

நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. பஞ்சாபைப் போல இங்கே வைக்கோலைக் கொளுத்துவது வழக்கமில்லை. அது மாட்டுத் தீவனம், கட்டுக்கட்டாக விலை போகிறது. அதை ஆலைக்குத் திருப்பினால் பால்காரர் வயிற்றில் அடிப்போம். இங்கே தேடவேண்டியது கடலைத் தோலும் பருத்தி மாரும் சீமைக் கருவேலமும்தான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2017இல் அகற்றச் சொன்ன அந்த மரத்தை ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் இன்னும் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். கரியைத் தாண்டி அதில் என்ன எடுக்கலாம் என்று உங்கள் மகள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

இதற்காக ‘உயிரி எரிபொருள்’ என்று பளபளப்பான பெயர் வைத்த படிப்பில் அவளைச் சேர்க்காதீர்கள். இந்தத் துறை பலமுறை சறுக்கியிருக்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் டூபான்ட் நிறுவனம் கட்டிய பெரிய ஆலை இரண்டு ஆண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. ருமேனியாவில் கிளாரியன்ட் நிறுவனம் கட்டியதை 2023இல் மூடுவதாக அறிவித்தார்கள். வயலிலிருந்து வரும் வைக்கோல் கட்டுக்குள் மண்ணும் கல்லும் ஈரமும் இருக்கும், இயந்திரம் தேயும், நொதியின் விலை கணக்கை உதைக்கும். எனவே அடிப்படைப் பட்டம் வேதிப் பொறியியலாகவே இருக்கட்டும். எத்தனால் கைவிட்டாலும் சுத்திகரிப்பு ஆலை, உரம், மருந்து, காகிதம் என்று போக இடம் உண்டு. கரூர் மாவட்டத்தில் டி.என்.பி.எல். என்ற அரசுக் காகித ஆலை 1980களிலிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறதே, அதுவும் இதே அறிவியலின் பழைய கிளைதான்.

பட்டியலில் முதலிடம் சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக்கு. அடுத்து காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அங்கே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் படிப்பு இருக்கிறது, ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே படிக்கலாம், மேலூரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். அங்கு எப்படிச் சேர்க்கிறார்கள், சலுகை பொருந்துமா என்பதை நேரில் போய்க் கேளுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் வேறு அரசுக் கல்லூரியில் இதே பாடம். அதுவும் இல்லையென்றால் பி.எஸ்சி. வேதியியல் படிக்கட்டும், முதுகலையில் இந்தப் பக்கம் திரும்பலாம். ஆராய்ச்சிதான் பிடிக்கும் என்றால் எம்.டெக்., பிஎச்.டி. வரை போகவேண்டியிருக்கும், அதற்குப் பொறுமை வேண்டும். நான்கே ஆண்டில் பெரிய சம்பளம் என்று அவளிடம் யாரும் ஆசை காட்டவேண்டாம்.

கல்லூரி விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும். கடவுச்சொல் அவளிடம் மட்டும் இருக்கட்டும், கடைசி நாளில் பட்டியலைத் திருத்தும் மாமாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.