ஒன்பதாம் வகுப்புத் தேர்தல் பாடத்தில் "சார், நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டால்

சொல்லாதீர்கள். "என் வாக்கு ரகசியம், நாளைக்கு உங்களுடையதும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். அரசுப் பள்ளி என்றால் தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான 1973 நடத்தை விதிகளும் கட்சி அரசியலைத் தடுக்கின்றன.

கேள்வி ஓயாமல் வருகிறது என்றால், உங்கள் உதாரணங்கள் ஒரே ஆட்சியைச் சுற்றியே இருக்கலாம். பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். பாடக்குறிப்பை எடுத்து, எந்த ஆட்சியின் திட்டம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி உணவு நல்ல மாற்று: காமராசர் காலத்து மதிய உணவு (1956), எம்.ஜி.ஆரின் சத்துணவு (1982), ஸ்டாலினின் காலை உணவு (2022) மூன்றையும் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் என்ன கூடியது என்று அவர்களையே சொல்ல விடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். நடுநிலை கட்சிகளுக்குத்தான். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு வரும்போது "இரு தரப்பு" விவாதம் வைக்காதீர்கள்.