ஆய்வு வட்டத்தில் வெளிவராத முடிவுகளைப் பேசலாமா?

கேள்வி: சில ஆய்வகங்கள் சேர்ந்து மாதந்தோறும் ஆர்.என்.ஏ. ஆய்வு வட்டம் நடத்துகிறோம். அடுத்த முறை நான் பேச வேண்டும். இன்னும் அச்சேறாத முடிவுகளை அங்கே காட்டினால், ஆய்விதழ்கள் என் கட்டுரையை மறுத்துவிடுமா? – ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: மறுக்க மாட்டார்கள், வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுத் துணிந்து பேசுங்கள். வேறிடத்தில் வெளிவந்ததை ஏற்பதில்லை என்று 1969-இல் ஒரு மருத்துவ இதழின் ஆசிரியர் இங்கெல்ஃபிங்கர் வகுத்த விதிகூட அறிவியல் கூட்டங்களில் பேசுவதைத் தடுக்கவில்லை. இன்று உயிரியல் இதழ்களில் பெரும்பாலானவை முன்பதிப்பையே, அதாவது இதழில் வருமுன் இணையத்தில் இடும் வரைவையே, ஏற்கின்றன.

காப்புரிமை மட்டும் வேறு கதை. மரபணுவை அடக்கும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.வில் நீங்கள் செய்த வேதி மாற்றமோ, புரதம் செய்வதற்கான குறிப்பை ஏந்திய தூது ஆர்.என்.ஏ.வைச் சுமக்கும் கொழுப்புக் கலவையோ மருந்தாகக்கூடியது என்றால், விண்ணப்பம் பதிவான பிறகே பேசுங்கள். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவிலோ, இரகசியம் காக்கும் கடப்பாடு இல்லாத அவையில் ஒருமுறை விளக்கிவிட்டாலே காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசையை மட்டும் மறைத்துப் பேசினால் போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் அந்த அரைகுறைக் குறிப்பே, 'இது துறையறிந்த எவருக்கும் தோன்றக்கூடியதுதானே' என்ற மறுப்புக்குப் பின்னாளில் இடம் கொடுக்கலாம். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய, ஆய்வு நிறுவனங்களின் காப்புரிமைப் பிரிவுகள் ஒரு கடிதத்துக்கு மாதக்கணக்கில் பதில் எழுதாமல் இருந்துவிட்டு, பின்னர் பழியை மாணவர் மேல் போடுவது எனக்குப் பழகிப்போன எரிச்சல்.

உங்கள் கட்டுரைக்கு உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. வட்டம் சற்றுப் பெயரெடுத்தவுடன், அதைச் 'சர்வதேச மாநாடாக' மாற்றித் தருவதாகவும், சான்றிதழும் இதழ் வெளியீடும் சேர்த்துத் தருவதாகவும் இடைத்தரகர் ஒருவர் வருவார். பேச்சின் விரிவான சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, பெயர் தெரியாத இதழில் கட்டுரையாகவே போட்டுவிடுவார். அப்போதுதான் நல்ல இதழ், 'இது ஏற்கெனவே வெளிவந்தது' என்று திருப்பியனுப்பும். அந்தப் பெயர் தெரியாத இதழிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் அதற்கும் கட்டணம் கேட்பார்கள். இத்தகைய மோசடிக்காக 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு நிறுவனத்தை 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்த பிறகும் இந்த வியாபாரம் ஓயவில்லை. பட்டியல் போட்டுக் கட்டுரைகளை எண்ணும் மதிப்பீட்டு முறை இருக்கும்வரை அது ஓயாது.

மாதக் கூட்டத்துக்குத் தரகர் எதற்கு? 1993-இல் தொடங்கிய, ஆர்.என்.ஏ. ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஆர்.என்.ஏ. சங்கம், 'ஆர்.என்.ஏ. சலோன்' என்ற பெயரில் இத்தகைய உள்ளூர் வட்டங்களுக்குச் சிறு நிதியுதவி அளித்து வந்திருக்கிறது, நேரடியாகவே விண்ணப்பியுங்கள். யார் கேட்டாலும் பேச்சின் தலைப்பையும் இரண்டு வரிகளையும் மட்டும் கொடுங்கள். படங்களையும் தரவையும் கோப்பாக அனுப்பாதீர்கள்.