வாசகர் கேள்விகள்: உதவப் போனவர்களுக்கு யார் காவல்?

ஆகஸ்ட் 19ஆம் தேதியை உலக மனிதாபிமான தினம் என்கிறார்கள். அன்று என்ன நடந்தது? (வாசகர், கும்பகோணம்)

2003ஆம் ஆண்டு அதே நாளின் பிற்பகலில், பாக்தாத் நகரில் ஐ.நா. அலுவலகம் இயங்கிவந்த கனால் ஹோட்டலின் சுவரோரம், வெடிமருந்து ஏற்றிவரப்பட்ட லாரி ஒன்று வெடித்துச் சிதறியது. 22 பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக இராக் சென்றிருந்த பிரேசில் நாட்டவர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ, இடிபாடுகளுக்குள் சில மணி நேரம் உயிரோடு சிக்கியிருந்து, வெளியே எடுக்கப்படும் முன்பே இறந்தார். கிழக்குத் திமோர் தனி நாடாக ஆகும்வரை அதன் இடைக்கால நிர்வாகத்தை நடத்திக்கொடுத்தவர் அவர்தான். 2008 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இந்த நாளை நிவாரணப் பணியாளர்களின் நினைவு நாளாக அறிவித்தது.

இந்தத் தாக்குதலை ஆராய ஐ.நா.வே நியமித்த, பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி தலைமையிலான குழு, தன் ஊழியர்களைக் காக்க வேண்டிய ஐ.நா.வின் பாதுகாப்பு அமைப்பே சீர்குலைந்து கிடந்தது என்று கடுமையாகக் கூறியது. அஞ்சலி உரைகளில் இந்தச் செய்தி அவ்வளவாக இடம்பெறுவதில்லை.

ஆபத்தான இடங்களுக்கு ஆயுதக் காவலுடன் போனால் என்ன? (வாசகி, திருநெல்வேலி)

எளிய யோசனையாகத் தெரிந்தாலும், களத்தில் இருப்பவர்களில் பலர் இதை விரும்புவதில்லை. எந்தப் படையின் துப்பாக்கி துணைக்கு வருகிறதோ, அந்தப் படையின் ஆளாகவே எதிர்த்தரப்பு அவர்களைப் பார்க்கும். குறுக்குக் கோடிட்ட துப்பாக்கிப் படத்தை வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போகிறார்களே, 'இதற்குள் ஆயுதம் இல்லை' என்ற அந்த அறிவிப்புதான் அவர்களுடைய கவசம்.

இன்னொரு வழி, தாம் இருக்கும் இடத்தையும் செல்லும் பாதையையும் போரிடுவோருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவது. ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் இருந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை அப்படித்தான் தன் இருப்பிடத்தைத் தெரிவித்திருந்தது. ஆயினும் 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விமானம் அதன்மீது நடத்திய தாக்குதலில், 14 ஊழியர்கள் உட்பட 42 பேர் இறந்தனர்.

சட்டம் இவர்களைக் காப்பதில்லையா? (வாசகர், ஈரோடு)

சட்டத்துக்குக் குறைவில்லை. ஜெனீவா உடன்படிக்கைகள் இருக்கின்றன. நிவாரணப் பணியாளரை வேண்டுமென்றே தாக்குவதைப் போர்க்குற்றமாக வகுத்த ரோம் சாசனம் இருக்கிறது. இவர்களைக் காக்கக் கோரி 2024 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2730ஆம் தீர்மானமும் இருக்கிறது. ஆனால் அந்த 2024ஆம் ஆண்டில்தான், ஐ.நா. கணக்கின்படி, உலகெங்கும் நிவாரணப் பணியாளர்கள் 383 பேர் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் 180க்கும் மேற்பட்டோர் காசாவில் இறந்தவர்கள்.

இறப்பவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டிலிருந்து சென்றவர்கள்தானே? செய்திகளில் அவர்கள் முகங்களைத்தான் காண்கிறேன். (வாசகர், சென்னை)

நீங்கள் காண்பது உண்மை; அதிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவுதான் தவறு. கொல்லப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த ஊர்க்காரர்கள். 2024 ஏப்ரல் 1 அன்று காசாவில் உணவு வழங்கிவந்த வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் வாகனங்கள் தாக்கப்பட்டு, பெரும்பாலும் வெளிநாட்டவரான ஏழு பேர் இறந்தபோது உலகமே அதிர்ந்தது, அதிரவேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் அங்கே ஏறத்தாழ 200 பணியாளர்கள் இறந்திருந்தார்கள். அவர்களில் அநேகமாக எல்லோரும் பாலஸ்தீனர்கள் என்பதால், அந்த எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டது.

தொலைவுக்குப் போவானேன், மூதூரை எடுத்துக்கொள்வோம். ஈழத்து நாளிதழ்கள் 'அக்சன் பாம்' என்று எழுதிய, பட்டினிக்கு எதிராகப் பாடுபடும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர், 2006 ஆகஸ்ட் 4 அன்று திருகோணமலை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம், நால்வர் பெண்கள். ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட மக்களுக்குக் குடிநீர் வசதியும் கழிப்பறையும் அமைத்துக்கொடுக்கும் பணிக்காகத் திருகோணமலையிலிருந்து சென்றவர்கள், மூதூரைக் கைப்பற்றப் புலிகளும் காக்க இராணுவமும் மோதியபோது நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களை மீட்டுவர நிறுவனம் செய்த முயற்சிகள் கைகூடவில்லை. நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டைகளை அவர்கள் அணிந்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு மறக்கவே முடியாத செய்தி.

அரசப் படையினரே பொறுப்பு என்று நார்வே தலைமையிலான போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அந்த மாதமே கூறியது, அரசு மறுத்தது. இலங்கைக் குடியரசுத் தலைவர் அமைத்த விசாரணை ஆணைக்குழுவைப் பார்வையிட, இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பகவதி தலைமையில் வந்த பன்னாட்டு நிபுணர் குழு, விசாரணை உரிய தரத்தில் நடக்கவில்லை என்று சொல்லி 2008இல் விலகிக்கொண்டது. 2013இல் அக்சன் பாம் நிறுவனம் தானே ஓர் அறிக்கை வெளியிட்டு, படையினர்மீது நேரடியாகக் குற்றஞ்சாட்டியது. ஒருவர்கூட இதுவரை தண்டிக்கப்படவில்லை. இறந்தவர்களை மதிப்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த விசாரணைக் கோப்புதான். மெழுகுவத்தி ஏற்றுவதெல்லாம் அதன் பிறகு.

செவிலியரான என் மகள் போர் நடக்கும் நாட்டில் பணியாற்ற விரும்புகிறாள். தடுப்பதா, அனுப்புவதா? (ஒரு தாய், நாகர்கோவில்)

அம்மா, முடிவு அவருடையது. தடுக்கும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் பெரிதாக இல்லை. ஆனால் பணிக்கு அழைக்கும் நிறுவனத்திடம் அவர் சில கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். காப்பீடு காயத்துக்கும் உண்டா, மரணத்துக்கு மட்டுமா? சண்டை நெருங்கினால் வெளியேறும் முடிவை எடுப்பவர் களத்தில் இருப்பவரா, தலைமையகத்தில் இருப்பவரா? போக மறுத்தால் வேலை நிலைக்குமா? கடைசியாக, அப்படி வெளியேறும்போது அந்த ஊரைச் சேர்ந்த ஓட்டுநருக்கும் மருத்துவ உதவியாளருக்கும் அதே வண்டியில் இடம் உண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் நிறுவனம், உங்கள் மகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.