மனநல மாத்திரைகள்: பெங்களூரு தமிழ்க் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

அல்சூர், ஸ்ரீராமபுரம், ராமமூர்த்தி நகர், ஒயிட்ஃபீல்டு பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு மனநல மருந்துகளை நன்கறிந்த மருந்தாளுநர் ஒருவர் தரும் பதில்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் சிகிச்சை தரும் டாக்டரின் வேலை. அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

கேள்வி (அல்சூர், ஓர் அம்மா): பையனுக்கு 22 வயசு. காதில் குரல் கேட்குதுன்னு போன வருஷம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரிஸ்பெரிடோன் 4 மி.கி. சாப்பிடுறான். ஆறு மாசமா நல்லா இருக்கான், வேலைக்கும் போறான். இனிமேல் நிறுத்திடலாமா சார்?

பதில்: வேண்டாம் அம்மா. அவர் நன்றாக இருப்பதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் முறை மனச்சிதைவு வந்தவர்கள்கூட, குணமான பிறகு குறைந்தது ஒன்றிரண்டு வருடம் மருந்தைத் தொடர வேண்டும். இரண்டு மூன்று முறை நோய் திரும்பியிருந்தால் இன்னும் பல வருடம்.

நிறுத்தியவுடன் எதுவும் நடக்காது. இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. முதல் வாரம் தூக்கக் கலக்கம் போய் ஆள் தெளிவாகத் தெரிவார், 'மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கான்' என்று தோன்றும். நோய் திரும்ப வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். முதல் முறை நோய் கண்டவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்காக இருந்தது.

நிறுத்தும் காலம் வந்தாலும் டாக்டர் பல மாதம் எடுத்து, படிப்படியாகத்தான் குறைப்பார். அந்தச் சமயத்தில் பையனுடைய தூக்கத்தைக் கவனியுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூங்கவில்லை, குளிக்க மறுக்கிறார், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறார் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): தம்பிக்கு ஹாலோபெரிடால் ஆரம்பிச்ச மூணாம் நாள் கழுத்து ஒரு பக்கமா திருகிக்கிச்சு, கண்ணு மேலே சொருகிடுச்சு. பாட்டி காத்து கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க.

பதில்: இது மருந்தால் வரும் தசைப்பிடிப்பு. முதல் சில நாட்களில் வரும், இளவயது ஆண்களுக்கு அதிகம். ப்ரோமெதசின் ஊசியோ ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரையோ கொடுத்தால் விட்டுவிடும். ஊசி என்றால் பெரும்பாலும் அரை மணிக்குள் தெரியும். நாக்கு தடித்தாலோ, தொண்டை இறுகி மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே ஓடுங்கள். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். சிலருக்குக் கால் ஒரு நிமிடம் நிற்காது. உட்கார்ந்தால் எழுவார், எழுந்தால் நடப்பார், உள்ளே ஏதோ பிசைகிறது என்பார். அகதீசியா என்று இதற்குப் பெயர். வீட்டில் 'நோய் முத்திவிட்டது' என்று சொல்ல, அதை நம்பி மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். தாங்க முடியாமல் தற்கொலை எண்ணம்கூட வரலாம். டாக்டரிடம் 'கோபப்படுகிறான்' என்று சொல்லாமல் 'உட்கார முடியவில்லை' என்று சொல்லுங்கள். மருந்தைக் குறைப்பார், மாற்றுவார், அல்லது ப்ராப்ரனலால் சேர்ப்பார். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும், ப்ராப்ரனலால் அவர்களுக்கு ஆகாது.

ட்ரைஹெக்சிபெனிடிலை வருடக்கணக்கில் கேள்வி கேட்காமல் தொடர்வதும் சரியில்லை. மறதி, வாய் வறட்சி, மலச்சிக்கல் எல்லாம் அதனால் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'இது இன்னும் தேவையா?' என்று கேளுங்கள்.

கேள்வி (ராமமூர்த்தி நகர்): அண்ணனுக்கு க்ளோசபின் 300 மி.கி. வாரா வாரம் ரத்தப் பரிசோதனை எதுக்கு? வேலூர் பக்கம் கல்யாணத்துக்குப் போனப்ப மாத்திரையை மறந்துட்டோம், மூணு நாள் விட்டுப்போச்சு. திரும்ப வந்ததும் 300 கொடுத்துடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 48 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், பழையபடி 12.5 மி.கி.யிலிருந்துதான் ஏற்ற வேண்டும். உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். ஒரேயடியாக 300 கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பு வரலாம். இன்றே டாக்டரைக் கூப்பிட்டு எத்தனை நாள் விட்டது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையின் காரணம் இது. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு க்ளோசபின் வெள்ளை அணுக்களை, குறிப்பாக நியூட்ரோஃபிலை, அபாயமான அளவுக்குக் குறைத்துவிடும். 1975-ல் ஃபின்லாந்தில் இப்படிச் சிலர் இறந்ததால் மருந்தையே பல நாடுகளில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு 1988-ல் வந்த ஆய்வில், வேறு மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளில் 30 சதவீதம் பேர் க்ளோசபினில் தேறினார்கள், ஒப்பிட்ட மருந்தில் 4 சதவீதம்தான். ஆகவே ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு மருந்து திரும்ப வந்தது. ஆபத்து முதல் 18 வாரத்தில் அதிகம், அதனால்தான் வாராவாரம். பிறகு இடைவெளியை டாக்டர் கூட்டுவார். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணுவை மட்டும் பார்க்காதீர்கள், நியூட்ரோஃபில் எண்ணிக்கையைப் பாருங்கள். 1,500-க்குக் கீழே வந்தால் அன்றே டாக்டருக்குத் தெரிய வேண்டும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுக்கவைக்காமல் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சிரைப்பு என்றால் இதயத் தசை வீக்கமாக இருக்கலாம், அதற்கும் தாமதம் கூடாது.

வெள்ளை அணுவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், மலச்சிக்கலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. க்ளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்கும், குடல் அடைத்து உயிர் போனவர்கள் உண்டு. அவர் தினமும் வெளிக்குப் போகிறாரா என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். இரண்டு நாள் போகவில்லை என்றால் லாக்டுலோஸ் போன்ற மருந்து தேவை. இசப்கோல் மாதிரி தண்ணீரில் ஊறிப் பெருகும் நார் இங்கே நல்லதல்ல, அசையாத குடலில் அது அடைப்பைக் கூட்டலாம். வயிறு உப்பி வாந்தியும் வந்தால் எமர்ஜென்சி.

கேள்வி: எங்க அப்பாவும் க்ளோசபின்தான். பீடியை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. நல்ல விஷயம்தானேன்னு சந்தோஷப்பட்டோம். இப்ப பகல் முழுக்கத் தூங்குறார், எச்சில் வழியுது.

பதில்: பீடி, சிகரெட் புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டி க்ளோசபினை வேகமாகக் கழிக்கவைக்கும். நிகோட்டினுக்கு இதில் பங்கில்லை. புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ தங்கும். ஓலன்சபின் என்ற மனநல மருந்துக்கும் இது ஓரளவு பொருந்தும். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும். அப்பாவை மறுபடி பீடி பிடிக்க விடாதீர்கள், விட்டது பெரிய காரியம்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): கணவருக்கு பைபோலார் (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வர்ற நோய்). லித்தியம் 900 மி.கி., நாலு வருஷமா நிலையா இருக்கார். புதுசா பிபி வந்திருக்கு. குடும்ப டாக்டர் டெல்மிசார்டன் எழுதி, உப்பைக் குறைக்கச் சொன்னார். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் போடுறார். ஒண்ணும் ஆகாதே?

பதில்: ஆகும். மூன்றுமே லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றுபவை. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால், அது சோடியத்தைப் பிடித்துவைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். ஊறுகாய், அப்பளத்தைத் திடீரென்று நிறுத்தினாலே அளவு கூடும். பேதி, வாந்தி, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், சித்திரை வெயிலில் ஊர்ப் பயணம் எல்லாம் இதே கணக்குத்தான்.

இந்த வாரமே சீரம் லித்தியம் பாருங்கள். கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9-க்கு. காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். மாத்திரை போட்ட இரண்டு மணியில் எடுத்த ரிப்போர்ட் பொய்யாக உயர்ந்து நிற்கும், அதைப் பார்த்து யாராவது அளவைக் குறைத்துவிட்டால் நோய் திரும்பும். தொடர் சிகிச்சையில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை பொதுவான இலக்கு, சிலருக்கு 1.0 வரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை), தைராய்டு, கால்சியம் பார்க்க வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பிபிக்கு வேறு மருந்து உண்டா என்று இரண்டு டாக்டர்களையும் பேசவைப்பது உங்கள் வேலை. ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாததால்தான் இது நடக்கிறது.

கை லேசாக நடுங்குவது லித்தியத்தில் சகஜம். டம்ளர் பிடிக்க முடியாத நடுக்கம், வாந்தி, பேதி, குடித்தவர் போலத் தள்ளாட்டம், நாக்குக் குளறல் வந்தால் அது நச்சு. அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கேள்வி: மாத்திரை போட மறுக்கிறா, அவளுக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து கொடுக்கிறோம். வேற வழியில்லை சார்.

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் இதில் மூன்று சிக்கல். அவர் பாதி சாம்பாரை மிச்சம் வைத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. லித்தியம் எஸ்.ஆர். போன்ற மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடித்தால் மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கும். என்றாவது கண்டுபிடித்தால், 'எனக்கு விஷம் வைக்கிறார்கள்' என்று அவர் ஏற்கெனவே சந்தேகப்பட்டதை நீங்களே நிரூபித்தது போல ஆகிவிடும், அதன் பிறகு வீட்டுச் சோற்றையே தொடமாட்டார். ரிஸ்பெரிடோன் திரவம் டீயில் கலந்தால் கெட்டுவிடும், தண்ணீரிலோ காபியிலோ பரவாயில்லை. ஆனால் அதையும் அவரிடம் சொல்லிவிட்டே கொடுங்கள்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, அவர் ஏன் மறுக்கிறார் என்று டாக்டரையே கேட்கவையுங்கள். பாதிப் பேருடைய மறுப்புக்குப் பின்னால் தூக்கமோ எடையோ நின்றுபோன மாதவிடாயோ இருக்கும், மருந்தை மாற்றினாலே சம்மதிப்பார்கள். தினமும் மாத்திரை பிடிக்காதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் டெப்போ ஊசி உண்டு. நிலைமை கைமீறினால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

கேள்வி: ஓலன்சபின் ஆரம்பிச்சு மூணு மாசத்துல 9 கிலோ ஏறிட்டா.

பதில்: பசியைத் தூண்டுவது அந்த மருந்தின் குணம், அவர் சோம்பேறி என்று திட்டாதீர்கள். முதல் ஆறு வாரம் வாராவாரம் எடை பார்த்திருக்க வேண்டும். இப்போது இடுப்பளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, பிபி பாருங்கள். நம்மவர்களில் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. மெட்ஃபார்மின் சேர்க்கலாமா, ஆரிபிப்ரசோலுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: லூராசிடோனை காலை காபியோட போடுறேன். ஒரு பலனும் தெரியலை.

பதில்: குறைந்தது 350 கலோரி உணவோடு சாப்பிட்டால்தான் அது சரியாக உடம்பில் சேரும். வெறும் வயிற்றில் பாதிதான் சேரும். ராச் சாப்பாட்டோடு போடலாமா என்று டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள்.

கேள்வி: பொண்ணுக்கு 24 வயசு, பைபோலாருக்கு வால்ப்ரோயேட். வரன் பார்க்கிறோம்.

பதில்: கல்யாணத்துக்கு முன்பே, இப்போதே, டாக்டரிடம் இதைப் பேசுங்கள். கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் நூறில் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரலாம், நூறில் 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பாதிப்பு வரலாம். முதுகுத்தண்டு மூடுவது கரு உருவாகி 28 நாளுக்குள், அதாவது பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரிவதற்குள். ஃபோலிக் அமிலம் மட்டும் இதிலிருந்து முழுதாகக் காப்பாற்றாது. மாற்று மருந்துகள் இருக்கின்றன, மாற்றச் சில மாதம் பிடிக்கும். தானாக நிறுத்திவிட வேண்டாம்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா என்பது உங்கள் குடும்ப முடிவு. மறைத்துச் செய்த கல்யாணங்களில் முதலில் விட்டுப்போவது மாத்திரைதான் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். புது வீட்டில் ஒளித்து விழுங்க இடமிருக்காது, விருந்துகளில் தூக்கமும் கெடும். பைபோலார் திரும்ப அவை இரண்டும் சேர்ந்தால் போதும்.

கேள்வி: சர்ப்பகந்தி மூலிகை பைத்தியத்துக்குக் கேட்கும்னு சொல்றாங்களே?

பதில்: அது புரளி இல்லை. கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே அதைப் பற்றி எழுதினார்கள், பின்னர் ரெசர்பின் என்ற மருந்து அதிலிருந்தே வந்தது. ஆனால் மனச்சோர்வைக் கொண்டுவரும், பிபியைக் குறைத்துவிடும். இன்றைய மாத்திரைகளோடு சேர்த்தால் மயங்கி விழுவார்கள். சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஹாலோபெரிடால் சாப்பிடுற சித்தப்பாவுக்கு நேத்திலிருந்து காய்ச்சல், உடம்பு கட்டை மாதிரி. டெங்குவா?

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இப்போதே கிளம்புங்கள். காய்ச்சல், விறைத்த உடம்பு, வியர்வை, குழப்பம் சேர்ந்து வந்தால் நியூரோலெப்டிக் மேலிக்னன்ட் சிண்ட்ரோம் என்ற ஆபத்தாக இருக்கலாம். அடுத்த வேளை மாத்திரை வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், ஐ.சி.யு. உள்ள ஆஸ்பத்திரி வேண்டும், சி.பி.கே. (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்யச் சொல்லுங்கள். டெங்குவை அவர்கள் கூடவே பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: சீட்டுல 0-0-1, எச்.எஸ்., எஸ்.ஓ.எஸ்.ன்னு எழுதியிருக்கு. மெடிக்கல் ஷாப்ல கன்னடத்துல சொல்றது பாதி புரியலை.

பதில்: 0-0-1 என்றால் ராத்திரி மட்டும் ஒன்று. எச்.எஸ். படுக்கும்போது. எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும், தினமும் அல்ல. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் அட்டையில் மருந்தின் பெயரையும் மி.கி.யையும் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள், 5-க்குப் பதில் 10 வருவது நடக்கிறது. காலி அட்டையின் போட்டோவை போனில் வைத்திருந்தால் எந்த ஊர்க் கடையிலும் பேச்சே தேவையில்லை.