தொப்புள்கொடி ரத்தம்: 7,300 வெள்ளி கட்டிச் சேமிக்கலாமா?

கேள்வி: மனைவிக்கு ஏழாம் மாதம், முதல் பிரசவம். குழந்தைப் பொருள் கண்காட்சியில் ஒரு முகவர், தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கச் சொல்கிறார். முதலில் 2,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), பிறகு ஆண்டுக்கு 250 வெள்ளி, 18 ஆண்டுகளுக்கு. பிள்ளைக்கு லுக்கிமியா (ரத்தப் புற்றுநோய்) வந்தாலும் அதன் சொந்த ரத்தமே காப்பாற்றுமாம். தாத்தாவின் இனிப்புநீருக்கும் (நீரிழிவு) உதவுமாம். ஸ்டெம் செல்லால் இன்சுலின் ஊசியே வேண்டாமல் போனதாக ஒரு பத்திரிகைச் செய்தியையும் காட்டினார். என் சித்தப்பா ரத்தப் புற்றுநோயில் இறந்தவர், அதனால் மனைவி பயப்படுகிறார். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் 500 வெள்ளி கழிவு. என்ன செய்யலாம்?
வாசகர், செந்தூல்

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம். கழிவு போனால் போகட்டும்.

பிரசவமான பின் தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கும் ரத்தத்தில், எலும்பு மஜ்ஜையில் இருப்பதைப் போல ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் உண்டு. இது உண்மையான மருத்துவம்தான். 1988-இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் டாக்டர் எலியான் குளுக்மான் குழு, ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த சிறுவனுக்கு முதன்முதலாக இதைச் செலுத்திக் குணப்படுத்தியது. ஆனால் அந்தச் சிறுவனுக்குக் கிடைத்தது அவனுடைய ரத்தமல்ல, புதிதாகப் பிறந்த தங்கையுடையது. அதற்குப் பிறகு நடந்த பல்லாயிரம் மாற்றுச் சிகிச்சைகளிலும் (நோயுற்ற செல்களுக்குப் பதிலாக நல்ல ஸ்டெம் செல்களைச் செலுத்துவது) ஏறக்குறைய எல்லாமே வேறொருவர் ரத்தத்தால் நடந்தவை. முகவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

லுக்கிமியாவுக்குச் சொந்த ரத்தம் ஏன் உதவாது? குழந்தைப் பருவ லுக்கிமியாவில் பல, முதல் மரபணுப் பிழையோடுதான் பிறப்பிலேயே வருகின்றன. அந்தப் பிழை தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கக்கூடும். சேமித்ததைத் திரும்பச் செலுத்தினால் நோயின் விதையையும் சேர்த்துச் செலுத்தியதாகும். அடுத்து, கீமோ என்ற புற்றுநோய் மருந்துக்குத் தப்பிய புற்றுசெல்களைக் கொடையாளரின் நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியமாகப் பார்த்து அழிப்பதுதான் மாற்றுச் சிகிச்சையின் பாதி பலம். சொந்தச் செல்களுக்கு அவை அந்நியமாகத் தெரியாது. தலசீமியா (ரத்தச் சிவப்பணு சரியாக உருவாகாத நோய்) போன்ற பரம்பரை நோய் என்றால் சேமித்த ரத்தத்திலும் அதே கெட்ட மரபணுதான். மேலும், லுக்கிமியா வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் கீமோவிலேயே குணமாகிறார்கள். மாற்றுச் சிகிச்சை வரை போகிறவர்கள் குறைவு. உங்கள் சித்தப்பாவின் நோயால் பிள்ளைக்கு ஆபத்து கூடிவிடவில்லை என்று மனைவியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை.

இப்போது அளவுக் கணக்கு. முகவரிடம் கேட்டால் பேச்சு தடுமாறும் இடம் இதுதான். நோயாளியின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் குறைந்தது 25 மில்லியன் உட்கருச் செல்கள் (உட்கரு உள்ள செல்கள்) வேண்டும். 20 கிலோ பிள்ளைக்கு 500 மில்லியன், 60 கிலோ ஆளுக்கு 1,500 மில்லியன். யாருக்கும் கொடுக்கப் பொது வங்கியில் வைக்கும் ஒரு ரத்தப் பைக்கு அமெரிக்க மருந்து ஆணையம் வைத்திருக்கும் கீழ்வரம்பும் 500 மில்லியன்தான், அவற்றில் 85 விழுக்காடாவது உயிரோடு இருக்க வேண்டும். ரத்தம் 40 மில்லிதான் கிடைத்தது என்றால் இந்த வரம்பையே தொடாமல் போகலாம். பொது வங்கிகள் இப்படிப்பட்ட பையை ஒதுக்கிவிடும். தனியார் வங்கி பெரும்பாலும் அதையும் உறைய வைத்து ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டே இருக்கும்.

ரத்தம் அதிகம் வேண்டுமென்று கொடியைச் சட்டென்று இறுக்கச் சொல்லாதீர்கள். குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொடியை இறுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நேரத்தில் பிள்ளைக்குள் போகும் ரத்தம்தான் அடுத்த சில மாதங்களுக்கான இரும்புச்சத்துக் கையிருப்பு. பைக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, பிள்ளைக்குக் குறையக் கூடாது.

தாத்தாவின் இனிப்புநீர்: முகவர் காட்டிய செய்தி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், முழு அளவு செல் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் அவர்களுக்கு இருந்தது முதல் வகை நீரிழிவு. கொடுத்தது மனிதக் கரு வழி வந்த ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த கணையச் செல்கள். அவற்றை உடல் நிராகரிக்காமலிருக்கத் தொடர்ந்து மருந்தும் எடுக்க வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வயதானவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆட்டிசத்துக்கு என்று சொன்னாலும் கவனம்: அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 180 குழந்தைகளிடம் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், முதன்மை அளவுகோலில் பலன் தெரியவில்லை.

வியாபாரப் பக்கத்தையும் பாருங்கள். ஒழுங்காக உறைய வைத்தால் ரத்தம் பல பத்தாண்டு தாங்கும். 27 ஆண்டு உறைந்திருந்த பையிலும் இயங்கும் ஸ்டெம் செல்கள் இருந்தது நிரூபணமாகியிருக்கிறது. 'ஒழுங்காக' என்பதில்தான் சிக்கல். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, அதன் ஆவியில் வைப்பவர்கள் மைனஸ் 150-க்கு மேல் ஏறவிடக் கூடாது. 2023 நவம்பரில், சிங்கப்பூரில் கார்ட்லைஃப் என்ற தனியார் தொப்புள்கொடி ரத்த வங்கியின் 22 தொட்டிகளில் 7 தொட்டிகள் சரியான குளிரில் இல்லை என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது. ஒரு தொட்டியில் மட்டும் சுமார் 2,200 பைகள் சேதம். கட்டணம் கட்டிவந்த பெற்றோருக்கு அறிவிப்பு வரும்வரை எதுவும் தெரியாது. உங்கள் ஒப்பந்தத்தில் 'இழப்பீடு' பகுதியைத் தேடிப் படியுங்கள். கட்டிய பணத்துக்கு மேல் பொறுப்பேற்பதில்லை என்று எழுதியிருந்தால் அதை ஏன் காப்புறுதி என்று அழைக்கிறார்கள் என்று முகவரிடமே கேட்கலாம்.

பிள்ளைக்கு என்றாவது மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டால் கதியில்லையா? இருக்கிறது. உடன்பிறந்தவரோடு முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அது அமையாவிட்டால் பாதி மட்டும் பொருந்தும் அப்பா அம்மாவின் ஸ்டெம் செல்லைக் கொண்டே இப்போது சிகிச்சை செய்கிறார்கள். தொப்புள்கொடி ரத்தத்தின் தேவை குறைந்ததற்கு இதுவே பெரிய காரணம். அந்நியக் கொடையாளர் வேண்டுமென்றால் மலேசிய ஸ்டெம் செல் பதிவேடு உண்டு. திசுப்பொருத்தம் வம்சாவளியைத் தொடர்ந்து போவதால், நம்மவர்களுக்குச் சென்னையிலுள்ள தாத்ரி போன்ற இந்தியப் பதிவேடுகளில் தேடுவதும் பலன் தரலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மனைவியின் நிம்மதிக்காகச் சேமிப்பதானால், ரத்த, செல் வங்கிகளின் தரத்தைச் சோதிக்கும் ஏ.ஏ.பி.பி. அல்லது ஃபேக்ட் அமைப்பின் அங்கீகாரம் இன்றும் செல்லுபடியாகிறதா என்று அந்த அமைப்புகளின் இணையதளத்திலேயே பாருங்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவமனை இதற்கு அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கொடியை இறுக்கியபின் தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, கொடியின் சிரையில் ஊசியேற்றி, பையைத் தாழ்த்திப் பிடித்துச் சேகரிப்பார்கள். துடைப்பது அரைகுறையானால் பாக்டீரியா கலக்கும், பையை மெல்ல அசைக்காவிட்டால் உறையும். தாயின் ரத்தமும் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, சிஃபிலிஸ் சோதனைக்குப் போகும். பையை 48 மணி நேரத்துக்குள் பதப்படுத்துவது நல்லது. பிறகு மொத்த உட்கருச் செல் எண்ணிக்கை, சிடி34 (ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களின் அடையாளம்) எண்ணிக்கை, உயிர்ச்செல் விழுக்காடு, கிருமி வளர்ப்புச் சோதனை நான்கும் அடங்கிய அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். 500 மில்லியனுக்குக் குறைந்தால் பணம் திரும்ப வரும் என்ற வரி, கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 'கொடித் திசு'வையும் சேர்த்து வைக்கும் கூடுதல் தொகுப்பை எடுக்காதீர்கள்.

அந்த 7,300 வெள்ளி பிள்ளையின் மெடிக்கல் கார்டுக்கு (மருத்துவக் காப்புறுதி) போனால் பயன்படும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கர்ப்பத் தொடக்கத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையில் மனைவியின் எம்.சி.எச். அளவைப் (ஒரு சிவப்பணுவில் சராசரியாக உள்ள ஹீமோகுளோபின்) பாருங்கள். 27-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம், தலசீமியா மரபணுவைச் சுமப்பதாகவும் இருக்கலாம்; கிளினிக்கில் சொல்லி உங்கள் ரத்தத்தையும் பரிசோதியுங்கள். இருவருமே பீட்டா தலசீமியா சுமப்பவர்கள் என்று தெரிந்து, பிறக்கும் பிள்ளைக்கு அந்த நோய் இருந்தால் என் பதில் மாறும். அடுத்த பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தைக் கட்டாயம் சேமிக்க வேண்டும், அதற்கு முகவர் தேவையில்லை. மூத்த பிள்ளைக்குச் சிகிச்சை தரும் குழந்தை ரத்தநோய் நிபுணரிடமே பேசுங்கள். அந்த அடுத்த பிள்ளை நோயில்லாமலும் மூத்ததோடு பொருந்தியும் பிறக்க 16-இல் 3 வாய்ப்பு.