அம்மா கைநாட்டு வைத்துவிட்டார், இனி மறுக்க முடியாதா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது, சீனி வருத்தம். கொழுந்து மலையில் முள் குத்திய புண் ஆறவில்லை. கால் பெருவிரல் கறுத்துப் போனதால் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நான் இல்லாத நேரம் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் அம்மாவிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். வெட்டப் போகிறார்கள் என்பதே பக்கத்துக் கட்டில் அக்கா சொல்லித்தான் தெரியும். இனி வேண்டாம் என்று சொல்ல முடியாதா? கூட்டிக்கொண்டு போனால் திரும்பச் சேர்க்க மாட்டார்களா? காலை வெட்டாமல் காப்பாற்ற 40,000 ரூபாவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று ஆஸ்பத்திரி கேட்டில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கேள்வி வந்த அன்றே இந்தத் தம்பியிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். இதே நிலையில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருப்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாளைப் பற்றிய பயத்தை விடுங்கள் தம்பி. காணி எழுதிக் கொடுத்தது போல அது அம்மாவைக் கட்டிப்போடாது. மயக்க மருந்து கொடுக்கும் வரைக்கும் அம்மா “வேண்டாம்” என்று சொல்லலாம், “எனக்கு இன்னும் விளங்கவில்லை” என்றும் சொல்லலாம். சொன்னால் நிறுத்தியாக வேண்டும். என்ன செய்யப் போகிறோம், ஏன் செய்கிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்ற நாலையும் நோயாளிக்கு விளங்கும்படி சொல்லி, அவர் “சரி” என்றால் அதுதான் சம்மதம். தாள் அதற்கு ஓர் அத்தாட்சி, அவ்வளவுதான். விளங்காமல் வைத்த கைநாட்டை வைத்துக்கொண்டு சம்மதம் வாங்கிவிட்டோம் என்று எந்த டொக்டரும் சொல்ல முடியாது.

இந்த மொழி விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் இலங்கையின் அரச கரும மொழியாகிவிட்டது. அரச அதிகாரி ஒருவர் தன் கடமையாகச் சொல்வதைத் தமிழில் கேட்டுப் பெறும் உரிமை, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் ஊரிலும் நமக்கு உண்டு. அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் காலை எடுக்கிற விஷயத்தை இன்றைக்கும் அட்டெண்டன்ட் அரைகுறைத் தமிழில் சொல்லி, மைப்பெட்டியை நீட்டி, பெருவிரலைப் பிடித்து அழுத்திவிட்டுப் போகிறார். சாயங்காலம் மகன் வந்து பார்க்கும்போது விரலில் நீல மை மட்டும்தான் மிச்சம். அதனால் “தமிழ் தெரிந்த டொக்டரோ மிஸ்ஸியோ வந்து அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். அது கடமை, சலுகை இல்லை.

யாரிடம் கேட்பது என்பதுதான் நம் ஆட்களுக்குத் தெரிவதில்லை. பார்வை நேரத்தில் போனால் பெரிய டொக்டரைக் காணவே முடியாது. அவர் ரவுண்ட் வருவது காலையில். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் முதல் நாளே, “நாளைக்கு ரவுண்ட் நேரம் அம்மா பக்கத்தில் நிற்க அனுமதி வேண்டும்” என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் வார்டில் இருக்கும் சின்ன டொக்டரைப் பிடியுங்கள். எது வரைக்கும் வெட்டப் போகிறார்கள், விரலா, பாதிப் பாதமா, முழங்காலுக்குக் கீழேயா என்பதை முதலில் கேளுங்கள். உள்ளே திறந்து பார்த்தபின் அதிகம் எடுக்க வேண்டி வந்தால் எங்கே நிறுத்துவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். காலுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தார்களா, இரத்தக்குழாய் நிபுணர் பார்த்தாரா என்பதும் முக்கியம். இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதும் அவமரியாதை இல்லை.

அடுத்தது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம். முடிவு அம்மாவுடையது, உங்களுடையது இல்லை. நினைவோடு இருக்கும் வளர்ந்த ஒருவருக்காக மகனோ புருஷனோ சம்மதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆஸ்பத்திரிகளும் இதை மறந்து ஆம்பிளைகளோடு மட்டும் பேசும். நீங்களும் மறக்காதீர்கள். எல்லாம் தெரிந்துகொண்டு அம்மா “எடுங்கள், வலி தாங்கவில்லை” என்றால் நீங்கள் குறுக்கே நிற்கக்கூடாது.

இனி, உரிமை பேசும் பலர் சொல்லாமல் விடுகிற ஒன்றைச் சொல்கிறேன். நோயாளி நினைவில்லாமலோ தடுமாறியோ இருந்து, உயிருக்கு ஆபத்து என்றால், டொக்டர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உயிரைக் காப்பாற்றத் தேவையானதைச் செய்யலாம். சீனி வருத்தப் புண்ணில் அந்த நேரம் திடீரென்று வரும். காய்ச்சலோடு குலை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம், சிவப்பு காலில் மேலே ஏறுவது, புண்ணில் நாற்றம், இவையெல்லாம் கிருமி இரத்தத்தில் கலக்கிறது என்பதற்கு அடையாளம். அப்போது சிங்களத் தாளைப் பற்றி வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். அம்மா நினைவோடு இருந்தால் விஷயத்தை விளக்க ஐந்து நிமிடம் போதும், அதைக் கேளுங்கள். ஒரு நாள் அவகாசம் கேட்காதீர்கள். என் பெரியப்பாவுக்கு இதே புண். இரண்டு விரல் எடுக்க வேண்டும் என்றார்கள். நாங்கள்தான் பெரிதாக உரிமை பேசி ஒப்பம் வைத்து வெளியே கூட்டிக்கொண்டு போய், நாலு நாள் பச்சிலை கட்டினோம். திரும்பக் கொண்டுவந்தபோது முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அந்த நாலு நாளை நான் இன்னும் மறக்கவில்லை. மறுக்கும் உரிமை அம்மாவுக்கு இருக்கிறது. ஆனால் மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்காமல் மறுக்க வேண்டாம்.

வெளியே கூட்டிக்கொண்டு போவதைப் பற்றிக் கேட்டீர்கள். போகலாம், யாரும் பிடித்து வைக்க முடியாது. டொக்டரின் ஆலோசனைக்கு மாறாகப் போகிறோம் என்று ஒப்பம் கேட்பார்கள், வைக்கலாம். அதனால் அந்த ஆஸ்பத்திரியின் கதவு மூடிவிடாது. வருத்தம் கூடினால் திரும்பிப் போங்கள், சேர்த்தே ஆக வேண்டும். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஒன்று மட்டும், சொல்லாமல் கொள்ளாமல் நழுவாதீர்கள். நழுவினால் டயக்னோசிஸ் கார்ட், அதாவது என்ன வருத்தம், என்ன செய்தார்கள் என்று எழுதித் தரும் தாள், கிடைக்காது. அது இல்லாமல் அடுத்த இடத்தில் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

இப்போது அந்த 40,000 ரூபா ஆள். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கும் காசில்லை, ஒப்பரேஷனுக்கும் காசில்லை, ஒப்பரேஷன் திகதியை முன்னுக்கு எடுப்பதற்கும் காசில்லை. இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஃபைல், “ஐயாவை எனக்குத் தெரியும்” என்ற பேச்சு. மலையிலிருந்து அதிகாலை பஸ்ஸில் வந்து, சாப்பாட்டுப் பையோடு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் முழிக்கிறவர்களைத்தான் தேடிப் பிடிப்பார்கள். சிலர் தனியார் இடத்தில் டொக்டரைச் சனல் பண்ணினால், அதாவது காசு கட்டித் தனியாகச் சந்தித்தால், இங்கே திகதி கிடைக்கும் என்பார்கள். சனல் காசு அந்த ஒரு சந்திப்புக்குத்தான், அரசாங்க வார்டின் வரிசையை அது மாற்றாது. இன்னும் சிலர் வெட்டாமல் குணமாக்கும் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள், கமிஷன் அங்கே. தோட்டத்திலும் “நான் பேசி முடிக்கிறேன்” என்று செலவுக்குக் கேட்கிற தலைவர்மார் உண்டு. பேசுவதற்கு எதற்குக் காசு? கேட்டில் நின்று வசூலிக்கிறவனுக்கும் உள்ளே யாருக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிந்தால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். மருந்து தட்டுப்பாட்டில் சிலதை வெளியே வாங்கச் சொல்வது உண்மையாகவே நடக்கிறது. டொக்டர் எழுதிய துண்டோடு நீங்களே பாமசிக்குப் போய், பில்லோடு வாங்குங்கள். யார் கையிலும் காசைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

விளக்கம் சொல்லாமலே ஒப்பரேஷன் நடந்துவிட்டால் ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996, கண்டியில் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் காலம், ஆகவே ஆறப்போட வேண்டாம்.

எந்த முடிவு எடுத்தாலும், வீட்டுக்கு வரும் நாளில் டயக்னோசிஸ் கார்டைக் கையில் வாங்காமல் வார்டை விட்டு வெளியே வராதீர்கள். போனில் படம் எடுத்துவிட்டு, தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, லயத்துக் கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள்.