மைலேஜுக்காகக் கடனில் புது பைக் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஊரப்பாக்கத்தில் வாடகை வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 27,000 ரூபாய். 2017-இல் வாங்கிய பல்சர் 150-இல் தினமும் போக வர 50 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். சொந்த வேலைகளையும் சேர்த்தால் மாதம் 1,400 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு மட்டும் 3,500 ரூபாய் போகிறது, மைலேஜ் 40தான் வருகிறது. ஷோரூமில் பழைய வண்டியை 25,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, ஆன்ரோடு 95,000 ரூபாய்க்கு ஒரு 100 சிசி வண்டி தருகிறார்கள். மீதி 70,000 ரூபாய்க்கு 12 சதவீத ஃபிளாட் வட்டியில் 36 மாதக் கடன், தவணை 2,644 ரூபாய். “70 மைலேஜ் கொடுக்கும், பெட்ரோல் மிச்சத்திலேயே தவணையைக் கட்டிவிடலாம்” என்கிறார்கள். நண்பர் ஒருவர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடு என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். கைவசம் உள்ள வண்டி கடன் முடிந்த வண்டி. 27,000 ரூபாய் சம்பளத்தில் அது பெரிய பலம்.

முதலில் ஷோரூம் சொன்ன கணக்கையே போட்டுப் பார்ப்போம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னை விலை இதிலிருந்து அதிகம் விலகாது. 1,400 கிலோமீட்டருக்கு 70 மைலேஜ் என்றால் 20 லிட்டர், 2,000 ரூபாய். மிச்சம் 1,500 ரூபாய். அவர்கள் சொன்ன மைலேஜ் அப்படியே கிடைத்தாலும் 2,644 ரூபாய் தவணைக்கு அது போதவில்லை. நீங்கள் போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையின் காலை நேர நெரிசலில் 62 வந்தால் நல்லது என்பேன். அப்போது பெட்ரோல் செலவு சுமார் 2,260 ரூபாய், மிச்சம் 1,240 ரூபாய்.

அடுத்தது வட்டி. ஃபிளாட் வட்டியில் நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது. மூன்றாம் வருடத்திலும் முழு 70,000 ரூபாய்க்கே வட்டி போடுவார்கள். மூன்று வருட வட்டி 25,200 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் இதே கடன் ஏறக்குறைய 21 சதவீதத்துக்குச் சமம். 12 என்ற எண்ணைக் கேட்டு ஏமாற வேண்டாம். எந்தக் கடனாக இருந்தாலும் “குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம்?” என்று கேட்டு, எழுதி வாங்குங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம், புது வண்டியை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. பராமரிப்பு இல்லாத இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் எந்தப் புது வண்டியும் லாபமாகத்தான் தெரியும். உங்கள் வண்டி ஒழுங்காக இருந்தால் 45-க்கு மேல் தர வேண்டும். 46 என்று வையுங்கள்: மாதம் 30 லிட்டர் சொச்சம், 3,040 ரூபாய். அதாவது 460 ரூபாய் இப்போதே மிச்சம். சரி செய்த இந்த வண்டியைவிடப் புது வண்டி மிச்சப்படுத்துவது மாதம் 780 ரூபாய்தான். 36 மாதத்துக்கு 28,080 ரூபாய். அதில் 25,200 வட்டிக்கே போய்விடுகிறது. மூன்று வருடம் தவணை கட்டி மைலேஜில் நீங்கள் காணும் லாபம் 3,000 ரூபாய்கூட இல்லை.

மைலேஜ் எண்ணில் இன்னொரு சூட்சுமம் உண்டு. 40-லிருந்து 50-க்குப் போனால் உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 7 லிட்டர் மிச்சம். 60-லிருந்து 70-க்குப் போனால், அதே பத்துதான், 3 லிட்டர் சொச்சமே மிச்சம். குறைந்த மைலேஜ் தரும் வண்டியைக் கொஞ்சம் சரிசெய்தாலே காசு நிறைய நிற்கும். அதனால் விளம்பரத்தில் 70, 75 என்று பார்ப்பதை விட்டுவிட்டு, உங்கள் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்று பாருங்கள். இன்று 2.50 ரூபாய்.

சரி, அந்த 46-ஐ எப்படி எட்டுவது? முதலில் சரியாக அளக்க வேண்டும். 200, 300 ரூபாய்க்கு என்று பெட்ரோல் போட்டு ஓட்டினால் மைலேஜ் தெரியவே தெரியாது. ஒரு முறை டேங்க்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 400 கிலோமீட்டராவது ஓடியதும் அதே பங்க்கில், வண்டியை அதே மாதிரி நிறுத்தி, மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். வேலை பார்ப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை அளந்தால்தான் மெக்கானிக்குக் கொடுத்த காசு பலித்ததா என்று தெரியும்.

அப்புறம் டயர் காற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, டயர் சூடாகும் முன், வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் பாருங்கள். உங்கள் வண்டிக்கு வழக்கமாக முன் டயருக்கு 25 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 28, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 32. கையேட்டிலும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். காற்று குறைந்தால் மைலேஜ் மட்டும் போவதில்லை, மழையில் பிரேக் அடிக்கும்போது வண்டி நம் பேச்சைக் கேட்காது. பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். இரண்டு சுற்றுகூட வராமல் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, அல்லது செயின் இறுக்கமாக இருக்கிறது. பழைய வண்டிகளில் பெட்ரோலைக் குடிப்பது பெரும்பாலும் இந்த இடம்தான், ஆனால் எல்லோரும் கார்புரேட்டரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

மெக்கானிக்கிடம் ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள், செயின் ஸ்ப்ராக்கெட் தேய்ந்திருந்தால் செட்டாக மாற்றுங்கள், கார்புரேட்டரைச் சுத்தம் செய்து டியூன் செய்யட்டும். உங்கள் இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் உண்டு. இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடியும் என்பது என் மதிப்பீடு. ஒன்பது மாதத்தில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். பெட்ரோல் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் பாகங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இந்தக் கலவையால் பழைய வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது. அந்த இழப்பை எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது, மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ப்ரீமியம் பெட்ரோலும் வேண்டாம். உங்கள் இன்ஜினுக்குச் சாதாரண பெட்ரோலே போதும்.

ஓட்டும் விதம்: வண்டலூர் தாண்டியதும் சாலை கொஞ்சம் காலியாக இருந்தால் 75-இல் பறந்து, பெருங்களத்தூரில் பிரேக் அடித்து நிற்கிறோம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். 50-இல் போவதைவிட 75-இல் தடை இரண்டேகால் மடங்கு. 45, 50-இல் டாப் கியரில் சீராகப் போங்கள். கிளட்ச்சில் விரலை வைத்தே ஓட்டும் பழக்கம் இருந்தால் விடுங்கள், நீண்ட சிக்னலில் இன்ஜினை அணையுங்கள். முடிந்தால் காலையில் இருபது நிமிடம் முன்னால் கிளம்புங்கள். குரோம்பேட்டை, பல்லாவரம் நெரிசலுக்கு முன் கடந்துவிடுவதைப் போல மைலேஜ் தரும் வேறு உபாயம் இல்லை.

பெட்ரோல் சலுகைக்காக கிரெடிட் கார்டு எடுக்க நினைத்தால், கார்டில் பெட்ரோல் போடும்போது பிடிக்கும் கூடுதல் கட்டணத்தின் தள்ளுபடி பல கார்டுகளில் 400 ரூபாய்க்கு மேல் போட்டால்தான். 200 ரூபாய்க்குப் போடுபவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. யுபிஐ போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரப்பாக்கத்திலும் கிண்டியிலும் மின்சார ரயில் நிற்கிறது, ஒரே தடம். மாதத்தில் பத்து நாள் ரயிலில் போனால் 500 கிலோமீட்டர் குறையும். 46 மைலேஜிலேயே அது சுமார் 1,090 ரூபாய். சீசன் டிக்கெட்டும் வண்டி நிறுத்தும் கட்டணமும் போக, பாதியாவது கையில் நிற்கும். மழைக்காலத்தில் உடம்புக்கும் நல்லது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டரைப் பொறுத்தவரை நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தினம் 50 கிலோமீட்டர் அதற்கு ஏற்ற தூரம். யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால் மாதம் 47 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டாலும் 400 ரூபாய்க்குள். ஆனால் நல்ல வண்டி ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது, அதையும் கடனில்தான் வாங்கப் போகிறீர்கள். வாடகை வீட்டில் கீழே பிளக் பாயிண்ட் போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். கூடுதல் யூனிட்டால் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றின் கட்டணமும் உயரும். அடுத்த வண்டியாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அடுத்த வண்டிக்கு இப்போதே சேர்க்கலாம். 2,644 ரூபாய் தவணை கட்டத் தயாராக இருந்தீர்கள். அதில் 2,000 ரூபாயை வங்கியில் மூன்று வருட ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் வைப்புக் கணக்கு) போடுங்கள், சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடிக்கும்படி. மூன்று வருடத்தில் 72,000 ரூபாயும் வட்டியும் இருக்கும். அதற்கு முன்பே சைலன்சரில் நீலப் புகை வந்து, போர் பிஸ்டன் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், உடனே சம்மதிக்காதீர்கள். வண்டி விற்றால் கிடைக்கும் விலையில் பாதிக்கு மேல் அந்த வேலைக்கு ஆகும் என்றால் விற்றுவிட்டு, ஆர்.டி.யில் அதுவரை சேர்ந்ததை முன்பணமாகக் கட்டி, குறையும் அசல் வட்டியில் சிறிய கடனாக வாங்குங்கள்.